பதினேழாம் எண்ணின் இடது முழங்கை

ஜனவரி 20

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? நன்றாகத்தான் இருப்பீர்கள். அது போகட்டும்.

போனில் பேசினால் என்ன என்று அண்ணி கேட்கிறாள். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில்தான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடிகிறது.

என்னைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தோரு வருடமாக வெப்பவியல் நடத்துகிறவனுக்கு, பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சி! முதலில் மூன்று நாள், பிறகு ஜூன் வரை மாதம் ஒரு நாள். பேர் என்னவோ ‘கற்பித்தல் மேம்பாட்டுத் திட்டம்’. நடத்த வந்த பெண்ணுக்கு என் மாணவர்களைவிட நாலு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். கலர் கலராகத் தாள் கொடுத்து, "உங்க வகுப்பை ஒரு மிருகமா வரைஞ்சு காட்டுங்க சார்" என்றாள். கணக்குப் பதிவியல் பேராசிரியர் தூங்குகிற யானையை வரைந்தார். பார்த்த யாருக்கும் அது யானை என்று தெரியவில்லை, தூங்குகிறது என்று மட்டும் தெரிந்தது. நான் வரைய மறுத்துவிட்டேன். வெப்பவியலில் மிருகம் கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் பாராட்ட வேண்டும். அலுவலக எழுத்தர் கெட்டிக்காரர். பயிற்சி எப்படி இருந்தது என்று கருத்துப் படிவம் உண்டல்லவா, அதை வருகைப் பதிவோடு சேர்த்துக் காலை ஒன்பது பத்துக்கே வாங்கிவிட்டார். பயிற்சி தொடங்கியது ஒன்பதரைக்கு. எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அண்ணியின் விசாரிப்புகளையும் சேர்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருவரும் ஆரோக்கியமாக இருப்பதில் சந்தோஷம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று திட்டாதே, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வெகு தொலைவில். ஏப்ரலில் கிளம்புகிறாள். வீட்டில் பாதிப் பெட்டி கட்டியாகிவிட்டது, மீதிப் பாதியை அவள் தினமும் கட்டி, தினமும் அவிழ்க்கிறாள். அண்ணி கொடுத்த பச்சைப் போர்வையை எடுத்துப்போவதா வேண்டாமா என்று மட்டும் மூன்று நாளாக விவாதம். அண்ணியிடம் சொல், போர்வைதான் ஜெயிக்கும்போல இருக்கிறது.

மூன்றாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன், இனிதான் விஷயம். போன வாரம் அலுவலக மாடிப்படியில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இதை இடது கையால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் இருந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துப் படிவங்கள். ஐந்து பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆசிரியர் பயிற்சி உபயோகமாக இருக்கிறதா என்று மதிப்பிடும் வேலை எங்கள் மையத்துக்கு வந்திருக்கிறது. அதில் உன் பல்கலைக்கழகமும் ஒன்று. பொறுப்பு என்னுடையது. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் ஐந்துக்கு ஐந்து! தூங்கியவரும் ஐந்து, வராதவரும் ஐந்து. பத்து நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். உன் கடிதத்தின் ஒன்பது பத்து விடை சொல்லிவிட்டது. மற்ற நாலு இடத்திலும் விசாரித்தேன். ஒரு எழுத்தர் ஒளிக்காமல் சொன்னார்: "காலையிலேயே வாங்கிடுவோம் மேடம். சாயங்காலம் யாரு இருக்காங்க?"

அதனால் படிவங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி ஒருவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று எண்ணுவார். இப்போது ஒரு தடவை, பயிற்சி முடிந்தபின் ஜூலையில் ஒரு தடவை. இந்த யோசனை என்னுடையது. உன் வகுப்புக்கும் வருவார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கோபித்துக்கொள்ளாதே.

அண்ணிக்கு என் அன்பு.

சின்னவள்


பிப்ரவரி 27

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் கையெழுத்துக்கு என்ன கேடு வந்தது? கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி இந்த லட்சணத்துக்கு வந்துவிட்டாய். இரண்டு பக்கம் முக்கி முனகிப் படித்தேன். போர்வை விஷயம் புரிந்தது. அதற்குமேல் கண் வலித்ததால் நிறுத்திவிட்டேன். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகு.

இங்கே நடந்த அக்கிரமத்தைக் கேள். போன வாரம் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு ஆள். கையில் நிறுத்துக்கடிகாரம்! ஓட்டப்பந்தயமா நடத்துகிறேன்? நான் "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம். ஐம்பது நிமிடமும் டிக், டிக், டிக். எந்த மேதாவியின் மூளையில் இந்த யோசனை உதித்ததோ தெரியவில்லை. அந்த ஆசாமி வாழ்க்கையில் ஒரு நாளாவது சாக்பீஸைக் கையால் தொட்டிருக்க மாட்டான். என் முன்னால் வந்தால் தெரியும் சேதி.

மற்றபடி நல்ல செய்தி. டீன் என்னை அழைத்து, மிகுந்த மரியாதையோடு, கால அட்டவணைக் குழுவுக்குத் தலைமை ஏற்க விருப்பமா என்று கேட்டார். பெரிய பொறுப்பு. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகம் அறிந்தேன். என் எழுத்து இன்னும் அப்படித்தான் இருக்கும். இதைச் சுருக்கமாக, பெரிய எழுத்தில் எழுதுகிறேன், கடைசி வரை படி.

கால அட்டவணைக் குழுவை நம்பாதே. மரியாதையோடு கேட்டார்கள் என்றால் வகுப்பை எடுத்துவிடப்போகிறார்கள் என்று அர்த்தம். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள். உன் வகுப்பில் எத்தனை பேர் வருகிறார்கள்? உண்மையைச் சொல்.

இன்னொன்று. என் மேஜைக்கு வந்த குறிப்புகளில் பதினேழாம் எண்ணின் பக்கத்தை எடுத்தேன். இரண்டாவது வரியிலேயே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூடி வைத்துவிட்டு எங்கள் இயக்குநரிடம் போய், "இதை நான் பார்க்கக் கூடாது மேடம், எனக்கு வேண்டியவர்" என்றேன். பதினேழை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவரவர் பக்கம் அவரவருக்கு வரும். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல முடியாது.

என் போன கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் தயவுசெய்து படி.

சின்னவள்


ஏப்ரல் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே யாருக்கும் சுகமில்லை. நீயாவது நன்றாக இரு.

என் பக்கம் வந்துவிட்டது. நான் பதினேழாம் எண்ணாம், சிறைக்கைதி மாதிரி. அப்படியே எழுதுகிறேன், கேள். "ஐம்பது நிமிடத்தில் ‘புரிஞ்சுதா?’ நாற்பத்து மூன்று முறை. பதிலுக்குக் காத்திருந்த அதிகபட்ச நேரம் ஒரு விநாடி. வலது கையால் எழுதுகிறார், எழுதியதை இடது முழங்கையால் அழித்துக்கொண்டே நகர்கிறார். ஒரு சமன்பாடு மாணவர் கண்ணில் படும் நேரம் ஏறத்தாழ மூன்று விநாடி. வருகை: நாற்பத்திரண்டு. வருகைக்குக் குறிக்கப்படும் மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது."

தனி ஆய்வாம்!

அண்ணியிடம் காட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "முப்பது வருஷமா உங்க சட்டையில இடது முழங்கை மட்டும் வெள்ளையா இருக்கே, எங்க போய் சாயுறீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்கிறாள். அதோடு விட்டாளா? "எனக்குக் காப்பி வேணுமான்னு கேப்பீங்க, நான் வாயத் திறக்கறதுக்குள்ள என் டம்ளரையும் குடிச்சு முடிச்சிடுவீங்க."

நீ அட்டவணைக் குழுவைப் பற்றிச் சொன்னது சரிதான். டீன் இப்போது மரியாதையை விட்டுவிட்டார். ஜூலையில் அந்தக் கடிகாரக்காரன் மறுபடி வருவான். மாற்றம் இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு வகுப்பு புதிதாக வந்தவருக்கு. நான் அட்டவணையில் கட்டம் போட்டுக்கொண்டு ஓய்வு பெறலாம். எனக்கு வகுப்பு வேண்டும், சின்னவளே. அதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீயே சொல். பத்தாவது படிக்கும்போது உனக்கு நான்தானே அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தேன். உனக்குப் புரியவில்லையா? புரிந்தது, அதனால்தான் இன்று நல்ல வேலையில் இருக்கிறாய்.

உன் அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

புரியவில்லை. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் சிலேட்டு வைத்துச் சொல்லிக்கொடுப்பாய். நான் x எங்கே என்று தேடுவதற்குள் உன் முழங்கை அதைத் துடைத்திருக்கும். "புரிஞ்சுதா?" என்பாய். நான் மூச்சை இழுத்து "பு" என்று ஆரம்பிப்பதற்குள் அடுத்த கணக்குக்குப் போயிருப்பாய். புரியலைன்னு சொல்றதுக்கு எனக்கு நீ நேரமே கொடுத்ததில்லை அண்ணா. அந்தப் பரீட்சையில் முப்பத்தொன்று வாங்கினேன். "உனக்குக் கணக்கு வராது" என்று நீதான் சொன்னாய். அந்த வீம்பில்தான் புள்ளியியல் படித்தேன். குறிப்பில் முழங்கையைப் பார்த்ததுமே பதினேழு யார் என்று தெரிந்தது, அந்தச் சிலேட்டால்தான்.

நிறுத்துக்கடிகார யோசனை என்னுடையது. உன் முன்னால் வந்தால் தெரியும் சேதி என்றாயே, அந்த மேதாவி நான்தான். நான் மறைக்கவில்லை. பிப்ரவரியிலேயே எழுதினேன், மூன்றாம் பக்கத்தில். என் வலது மணிக்கட்டு உடைந்ததையும் அதே பக்கத்தில்தான் எழுதினேன். இடது கையால் எழுதியவளைப் பார்த்து, தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகு என்றாய். பழகிவிட்டேன், பார்.

மகள் முந்தாநாள் கிளம்பிவிட்டாள். பச்சைப் போர்வையோடு. இனி வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். இருவரில் அதுதான் அதிகம் பேசுகிறது.

அண்ணியும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

சின்னவள்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா? ஏழு வாரமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதியது அதிகம்தான். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவ்வளவு சுடச்சுட எழுதியிருக்க வேண்டாம். கேள்வி கேட்டபின் காத்திருக்க வேண்டும் என்று ஐந்து பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் போட்டவள், தினமும் ஐந்து தடவை தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். எனக்குக் காத்திருக்கத் தெரியவில்லை.

நேற்று அண்ணியைப் போனில் பிடித்தேன். "கோவமெல்லாம் இல்லம்மா. உன் லெட்டர் எல்லாத்தையும் மேஜையில பரப்பி வெச்சு, பூதக்கண்ணாடி போட்டுப் படிச்சிட்டிருக்கார். நான் கூப்பிட்டா, ‘உஸ், மூணாம் பக்கம்’ங்கறார்" என்றார்கள்.

சீக்கிரம் எழுது. திட்டியாவது எழுது.

சின்னவள்


ஜூலை 25

அன்புள்ள சின்னவளுக்கு,

நானும் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, வெட்கம்தான். மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். உடைந்த கையோடு எழுதியவளுக்கு நான் அனுப்பிய பதிலையும் நினைத்துப் பார்த்தேன். மன்னித்துவிடு. எனக்கு இதெல்லாம் எழுதிப் பழக்கமில்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கடிகாரக்காரர் வந்தார். பயிற்சியில் அந்தப் பெண் ஒரு வித்தை சொல்லியிருந்தாள். கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டுமாம். கலர் தாளுக்கு நடுவே சொன்னதால் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடது கையை, முழங்கை நீளாதபடி, கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். சமன்பாட்டை எழுதினேன். திரும்பி, "புரிஞ்சுதா?" என்றேன். நின்றேன்.

பத்து விநாடி எவ்வளவு நீளம் தெரியுமா? மூன்றில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. முப்பத்தோரு வருடமாக அந்த அறையில் விசிறிக்குச் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஐந்தில் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழில் முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், தண்ணி வேணுமா?" என்றாள். மயக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பதினொன்றாவது விநாடியில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சார், ரெண்டாவது பாடத்துலருந்து சார்."

"ரெண்டாவது பாடத்துல என்ன?"

"அதுலருந்து புரியலை சார்."

நாங்கள் ஒன்பதாவது பாடத்தில் இருந்தோம். "வேற யாருக்கெல்லாம் புரியலை?" என்று கேட்டேன். அந்தக் குரலையும் சேர்த்து நாற்பத்தோரு பேர் கை தூக்கினார்கள். தூக்காத ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் கடிகாரக்காரரும் கை தூக்கினார்!

எனக்கு அழுகையே வந்தது, மறைக்கவில்லை. மாணவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கரும்பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, ‘பாடம் இரண்டு’ என்று எழுதினேன். அப்படியே விட்டுவைத்தேன், மணி அடிக்கும் வரை.

டீன் கூப்பிட்டார். "பாடத்திட்டம் எப்படி முடியும்?" என்றார். கூடுதல் வகுப்பு எடுக்கிறேன், முடியாவிட்டால் முடியவில்லை என்றே சொல்வேன், இத்தனை வருடம் நான் முடித்ததெல்லாம் நான் மட்டும் முடித்தது என்றேன். வகுப்பு என்னிடமே இருக்கிறது. அட்டவணைக் குழுவுக்குக் கணக்குப் பதிவியல்காரரைப் போட்டுவிட்டார்கள். அவர் முதல் வேலையாகத் தன் வகுப்புகளை எல்லாம் பிற்பகலில் வைத்துக்கொண்டார். அந்த யானை இனி எழுந்திருக்காது.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். சிரித்த இடத்திலேயே அழுகையும் வந்தது, அலுவலகத்தில் ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் அறிக்கை முடிந்துவிட்டது. "சிலரிடம் மாற்றம் தெரிகிறது, உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை" என்று முடித்திருக்கிறோம். கையிலேயே ஆதாரம் இருக்கிறது, நீல மையில் நாலு பக்கம். ஆனால் அதைச் சேர்க்க முடியாது. எழுதியவர் என் அண்ணன். பயிற்சி தொடர வேண்டும், கருத்துப் படிவத்தை மாலையில்தான் வாங்க வேண்டும் என்று பரிந்துரை. காலையிலேயே வாங்கிய அந்த எழுத்தர் சங்கடப்பட்டார்: "சாயங்காலம் குடுத்தா வாங்கறதுக்கு ஆளே இருக்காது மேடம்." அதுதான் கருத்து, எத்தனை பேர் மீதி இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

உன் நாற்பத்திரண்டு பேருக்கும் என் வாழ்த்து. தூங்குகிறவனுக்கும்.

இங்கே அனைவரும் சௌக்கியம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சின்னவள்


ஆகஸ்ட் 17

அன்புள்ள சின்னவளுக்கு,

‘இங்கே அனைவரும் சௌக்கியம்’ என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். அனைவரும் என்பது யார், ஃபிரிட்ஜா?

எழுத்தும் இன்னும் இடப்பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆறு மாதம் ஆகிவிட்டது.

கை எப்படி இருக்கிறது?

இந்தத் தாளின் மீதியை உனக்காக விட்டிருக்கிறேன். நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. உன் விலாசம் எழுதிய உறையில் போட்டு, என் விலாசம் எழுதிய உறையையும் உள்ளே வைத்திருக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பேன்.

அண்ணன்


(அதே தாளில், கீழே)

அண்ணா,

சரியாகவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டதாம். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களும் நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் அண்ணியும் வந்து ஒரு வாரம் இருந்தால் நன்றாக இருக்கும். காப்பி நான் போடுகிறேன், இடது கையால். அண்ணியின் டம்ளரைத் தொடாதே.

இன்னும் நிறைய இருக்கிறது, தாள் முடிந்துவிட்டது. வரும்போது உட்கார்ந்து கேள்.

சின்னவள்